சர்வே நம்பர் எழுதினயா கண்ணு?

மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபணை மனு எழுதிக்கிட்டு வந்திருக்கறயாக்கும்! எங்கே, குடு பார்க்கலாம். அந்தக் கண்ணாடியை எடு. அடேங்கப்பா, மூணு பக்கம்! "கட்டுப்பாடற்ற நகர்மயமாதல்", "நீடித்த வளர்ச்சி", "வருங்காலச் சந்ததி"... படிக்கறதுக்கு நெம்ப நல்லா இருக்குது கண்ணு. பள்ளிக்கூடத்துக் கட்டுரைப் போட்டியில வச்சிருந்தா உனக்கு ஒரு டிபன் பாக்ஸ் குடுத்திருப்பாங்க. ஆனா இதைப் பிரிச்சுப் பார்க்கப் போறது ஆரு? நகர் ஊரமைப்பு ஆபீசுல ஒக்காந்திருக்கற மனுசன். அவனுக்கு வேண்டியது எந்த ஊரு, எந்த சர்வே நம்பர், வரைபடத்துல என்ன போட்டிருக்குது, அதை என்னவா மாத்தோணும், அவ்வளவுதான். இந்த மூணு பக்கத்துலயும் தேடிப் பார்த்துட்டேன். சந்ததி நாலு எடத்துல இருக்குது. சர்வே நம்பர் ஒரு எடத்துலயும் இல்லை. அவன் என்ன பண்ணுவான்? "கருத்து பதிவு செய்யப்பட்டது"ன்னு ஒரு வரி எழுதிப்போட்டு டீ குடிக்கப் போயிருவான். சந்ததி அங்கயே கெடக்கும்.

ஆனாலும் உன்னைப் பாராட்டோணும். மாஸ்டர் பிளான் வரைவு வந்தா காலத்துக்குள்ள மனுக் குடுக்கற வம்சமே நாம இல்லை. 1971ல போட்ட தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்குதே, அதுல 26ஆவது பிரிவை எடுத்துப் பாரு. வரைவுத் திட்டத்தை அரசிதழ்லயும் பத்திரிகையிலயும் அறிவிச்சு, ஆட்சேபணையோ யோசனையோ எழுத்துல குடுங்கன்னு சனங்ககிட்டக் கேக்கோணும். அதுக்கு ரெண்டு மாசத்துக்குக் கொறையாம டைம் விடோணும். சட்டம் மரியாதையாத்தான் கேக்குது. நாமதான் பத்திரிகையைப் பிரிச்சதும் காலமானார் பக்கத்துக்குப் போயி, ஒறம்பரையில ஆராச்சும் போய்ச் சேர்ந்துட்டாங்களான்னு பார்த்துட்டு மடிச்சு வச்சிர்றோம். அதுக்கு ரெண்டு பக்கம் தள்ளி நம்ம பூமி போய்ச் சேர்ந்த சேதி பொடி எழுத்துல இருக்கறது கண்ணுல படறதில்லை.

மொத மாசம் "அப்படியா?"ன்னு கேக்கறதுல போயிரும். ரெண்டாம் மாசம் "அதெல்லாம் நம்ம ஊருப் பக்கம் வராதப்பா"ன்னு ஒருத்தருக்கொருத்தர் தைரியம் சொல்லிக்கறதுல போயிரும். மூணாம் மாசம் பந்தல் போட்டு ரோட்டுல ஒக்காருவோம். ஒக்கார்றதுல நம்மாளுகளுக்கு ஈடில்லை.

கோயமுத்தூரையே எடுத்துக்கோ. 1994ல ஒப்புதலான மாஸ்டர் பிளானை வச்சுத்தான் முப்பது வருசம் ஓட்டுனாங்க. 2024 பிப்ரவரியிலதான் புது வரைவை சனங்க பார்வைக்கு வச்சாங்க. நடுவுல பொறந்த புள்ளை வளர்ந்து, ஐடி வேலைக்குப் போயி, கல்யாணமும் பண்ணி, சைட்டு வாங்கி ஈஎம்ஐயும் கட்டிக்கிட்டு இருக்கறான். அவன் குடியிருக்கற தெரு எப்படி இருக்கோணும்ங்கறது அவன் பல்லு மொளைக்கறதுக்கு முந்தியே முடிவாயிருச்சு. சென்னையில கதை வேற. 1,189 சதுர கிலோமீட்டரா இருந்த பெருநகரப் பகுதியை 2022ல 5,904 ஆக்கிட்டாங்க. அரக்கோணத்துப் பக்கம் ராத்திரி கம்பளியைப் போத்திப் படுத்தவன், வெடியால எந்திரிச்சுப் பார்த்தா பட்டணத்துக்காரன். பஸ் டிக்கெட் செலவு கூட இல்லை.

செரி, மனு எழுதறவங்க எத்தனை வகைன்னு உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டாத்தான் நீ எந்த வகைன்னு உனக்கே புரியும்.

மொத வகை, கலர் மாத்தறவர். வரைபடத்துல குடியிருப்புக்கு மஞ்சள், விவசாயத்துக்குப் பச்சை. இவரு கலெக்டர் ஆபீசுல குறைதீர்ப்பு நாள் அன்னிக்குப் பச்சைத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, "வெவசாயத்தை அழிக்காதீங்க"ன்னு மைக் புடிச்சுப் பேசுவாரு. கண்ணுல தண்ணி வர்றாப்பல பேசுவாரு. கை தட்டிட்டு நீ வெளிய வர்றதுக்குள்ள, அதே ஆபீசுல அடுத்த ஜன்னல்ல, "என்ற பூமி ஏழு ஏக்கராவையும் மஞ்சளாக்கிக் குடுங்க, சுத்தியும் ஊடுக வந்துட்டுது"ன்னு மனுக் குடுத்திருப்பாரு. துண்டு பச்சை, மனு மஞ்சள். அவரைத் தப்புச் சொல்ல மாட்டேன். தேங்காய் விக்கற வெலையில புள்ளைக்குக் கல்யாணம் பண்ண முடியாது, சென்ட் கணக்குல வித்தாத்தான் முடியும். ஆனா தன்ற பூமி மஞ்சளானாப் போதும்னு நிறுத்தறாரா? இல்லை. பக்கத்துத் தோட்டம் பச்சையாவே இருக்கட்டும்னு ஒரு வரி சேர்ப்பாரு. அப்பத்தானே இவரு போடற லேஅவுட் நோட்டீசுல "இயற்கை எழில் சூழ்ந்த"ன்னு அச்சடிக்கலாம்!

ரெண்டாவது வகை, அந்த எழிலை நம்பி சைட்டு வாங்கினவர். டவுனுப் பொகையும் சத்தமும் ஆகலைன்னு தென்னந்தோப்புக்கு நடுவுல ஊடு கட்டிக் குடி வந்தவர். வந்த ஆறாம் மாசத்துல மொத மனு: கோழிப்பண்ணை நாத்தம் தாங்கலை. ரெண்டாவது: விசைத்தறிச் சத்தத்துல தூக்கம் வரலை. மூணாவது: மயிலு மொட்டை மாடியில வந்து ஏசி ஒயரைக் கொத்துது. பல்லடத்துப் பக்கம் கோழியும் சோமனூர்ப் பக்கம் தறியும் இவங்க வர்றதுக்கு முந்தியே இருக்குதே சாமின்னு சொன்னா, "நாங்க வரி கட்டறோம்"னு சொல்லுவாங்க. கோழிக்காரனும் கட்டறான். ஆனா இவரோட சிகரமான மனு எதுன்னு கேட்டா, பக்கத்துத் தோப்புல இன்னொரு லேஅவுட் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும் குடுக்கறதுதான். "இந்தப் பகுதியின் பசுமையைக் காக்க இனிமேல் குடியிருப்பு அனுமதி வழங்கக் கூடாது." இனிமேல்! அந்த ஒரு சொல்லைத்தான் கோடு போட்டு எழுதுவாரு.

மூணாவது, ரோட்டுக்காரர். இவருதான் அல்லாருக்கும் மூத்தவரு, ஊருக்கு ஒருத்தர் இல்லை, ஊடு ஊட்டுக்கு ஒருத்தர். அறுபதடி ரோடு வேணுமான்னு கேளு, கட்டாயம் வேணும்ங்கறாரு. எங்கே போகட்டும்னு கேளு, என்ற வேலியை ஒட்டிப் போகட்டும், வேலிக்குள்ள வரக் கூடாதுங்கறாரு. ஒட்டிப் போனா சென்ட்டு வெலை ஏறும், உள்ள வந்தா பூமியே போயிரும். கல்யாணப் பந்தியில பாவக்காப் பொரியலைச் சத்தமில்லாம அடுத்த எலைக்குத் தள்ளறாப்பல, வரைபடத்துக் கோட்டை அவனவன் பக்கத்துத் தோட்டத்துக்குத் தள்ளிக்கிட்டே இருக்கறான். தள்ள மனசு வராத எடத்துல சாமி வந்துருது. ரோடு வர்ற கோட்டுல திடீர்னு ஏழு கல்லு நட்டு மஞ்சப் பூசி, கன்னிமாருன்னு சொல்லிப்போடறாங்க. நேத்து வரைக்கும் மாடு மேஞ்ச காடு. கன்னிமாருக்கும் எப்பத்தான் பட்டா கெடைச்சுதோ.

நாலாவதா ஒருத்தர் இருக்கறாரு. அவரு கையெழுத்துப் போட மாட்டாரு. எரநூறு பேரைப் போட வைப்பாரு. எரநூறு மனு, ஒரே எழுத்து, ஒரே பிழை. "அபிவிருத்தி"ங்கறதை அத்தனை பேரும் "அபிவிருந்தி"ன்னே எழுதியிருப்பாங்க. மனுக் குடுத்தவங்களுக்கு அன்னிக்குப் பொழுதோட மண்டபத்துல பிரியாணி. அந்த எழுத்து ஒருவகையில செரிதான்.

இதுல நீ எந்த வகைன்னு அப்பறம் சொல்றேன். வெசனப்படாதே.

மனுவே எழுதாத ஒரு பெரிய கூட்டம் இருக்குது, அவங்களைப் பத்திச் சொல்லோணும். புத்திசாலிங்க. அவங்க எழுதறதில்லை, கட்டிப்போடறாங்க. நீ மாஸ்டர் பிளானைப் படிச்சுக்கிட்டு இருக்கையில அவங்க கான்கிரீட் போட்டு முடிச்சிருப்பாங்க. சர்க்காரு இவங்க மேல வெச்சிருக்கற பாசத்தைக் கேளு. 1999 பிப்ரவரி 28க்கு முந்தி விதி மீறிக் கட்டுன கட்டடங்களுக்குப் பணம் கட்டி வரன்முறை பண்ணிக்கலாம்னு அதே நகர் ஊரமைப்புச் சட்டத்துல 113-ஏ பிரிவைப் போட்டாங்க. இந்த ஒருவாட்டிதான்னு சொன்னாங்க. சொல்லிட்டுத் தேதியை இழுத்துக்கிட்டே போனாங்க, 2006ல ஐகோர்ட்டு அந்த இழுவையைச் செல்லாதுன்னு சொல்லிருச்சு. செரி, விட்டாங்களா? 113-சி வந்துது, 2007 ஜூலை 1க்கு முந்திக் கட்டுனதுக்கு. அப்பறம் அனுமதியில்லாத சைட்டுகளுக்குன்னு தனியா, 2016 அக்டோபர் 20க்கு முந்திப் பத்திரமானதுக்கு. இந்த ஒருவாட்டிதான், இந்த ஒருவாட்டிதான்னு சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை ஊடு கட்டிக் குடி போயிருச்சு. பிளான் அப்ரூவல் வாங்கி, அங்கயும் இங்கயும் நடந்து, செட்பேக் விட்டு அளவாக் கட்டுனவன் மட்டும் அப்பப்ப வாசல்ல நின்னு எதிரூட்டு மாடியை அண்ணாந்து பார்த்துக்குவான்.

ஆனா 2016 செப்டம்பர்ல ஒரு நாள் அந்தப் புத்திசாலிகளும் ஆடிப்போனாங்க. ஒரு வக்கீல் போட்ட பொதுநல வழக்குல, அனுமதி இல்லாத சைட்டைப் பத்திரம் பதியக் கூடாதுன்னு ஐகோர்ட்டு உத்தரவு போட்டுருச்சு. சப் ரிஜிஸ்டிரார் ஆபீசு முன்னால ஜெராக்ஸ் கடைக்காரன் ஈ ஓட்டுனான். "பஞ்சாயத்து அப்ரூவ்டு"ன்னு போர்டு வச்சு வித்தாங்களே, அந்த சைட்டுகளை மகளுக்குச் சீதனமாப் பேசியிருந்தவங்க எத்தனை பேரு! பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்டுட்டா அது அப்ரூவல்னு நெனைச்சாங்க. லேஅவுட்டுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபியோ அந்தந்தத் திட்டக் குழுமமோ அனுமதி குடுக்கோணும்ங்கறதை அன்னிக்குத்தான் பாதிப் பேரு காதுல வாங்குனாங்க. மலையடிவாரத்து ஊருன்னா அதுக்கு மேல ஹாகாங்கற மலையிடப் பாதுகாப்புக் குழுமத்து அனுமதி வேற. அடிவாரத்துல சைட்டு விக்கறவன் யானை வர்றதையே சொல்றதில்லை, ஹாகாவையா சொல்லப்போறான்?

செரி, உன்ற மனுவுக்கு வர்றேன். இந்தச் சந்ததியை எல்லாம் எடுத்துப்போட்டு, உருப்படியா எழுதற சமாச்சாரம் சிலதைச் சொல்றேன், குறிச்சுக்கோ.

மொதல்ல, வரைவைத் தமிழ்ல குடுங்கன்னு எழுது. நூத்துக்கணக்கான பக்கம் இங்கிலீசுல அடிச்சு வச்சுட்டு, உங்க கருத்தைச் சொல்லுங்கன்னா நான் என்னத்தைச் சொல்றது? அட்டை நல்லா இருக்குதுங்கன்னு சொல்லலாம். அடுத்தது, மனுவுக்கு அடியில "என்னை நேரில் அழைத்துக் கேட்க வேண்டும்"னு மறக்காம ஒரு வரி போடு. சட்டத்துல, நேர்ல கேக்கோணும்னு கேட்டவங்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. கேக்காதவனைக் கூப்புடோணும்னு இல்லை. எரநூறு பிரியாணி மனுவுலயும் இந்த வரி இருக்காது பாரு, போட்டா ஆளைக் கூட்டிக்கிட்டுப் போகோணுமே.

அப்பறம் 38ஆவது பிரிவு. இதை நம்ம ஊருல தெரிஞ்சவங்க கம்மி, தெரிஞ்சவங்க வெளிய சொல்றதில்லை. ரோட்டுக்கோ பூங்காவுக்கோன்னு உன்ற பூமியைத் திட்டத்துல ஒதுக்கிப்போட்டாங்கன்னு வையி. அரசிதழ்ல அறிவிப்பு வந்த தேதியில இருந்து மூணு வருசத்துக்குள்ள, எடுக்கறதுக்கான அறிவிப்பும் போடாம, உங்கிட்டப் பேசி வாங்கவும் இல்லைன்னா, அந்த ஒதுக்கீட்டுல இருந்து பூமி விடுபட்டதாத்தான் சட்டம் கருதுது. கோயமுத்தூர்ல ஸ்கீம் ரோடு, ஸ்கீம் ரோடுன்னு காகிதத்துல கோட்டைப் போட்டுட்டு, ரோடும் வராம, ஊடும் கட்ட விடாம வருசக்கணக்குல கெடந்த பூமிக எத்தனை! மாடு கட்டறதுக்குக் கட்டுத்தரை போடக் கூட யோசிச்சாங்க. இந்தப் பிரிவைக் காட்டி ஐகோர்ட்டுக்குப் போயி மீட்டவங்களும் இருக்கறாங்க. அதனால கோடு போட்டாங்கன்னதும் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு ஒக்காராதே, அரசிதழ்த் தேதியைச் செவுத்துக் காலண்டர்ல எழுதி வையி.

ரிசர்வ் சைட்டைப் பத்தியும் எழுது. மூவாயிரம் சதுர மீட்டருக்கு மேல லேஅவுட் போட்டா ரோடு போக மீதியில நூத்துல பத்து பங்கு பொது எடமா விடோணும்னு விதி. வரைபடத்துல பாரு, பச்சையா, சதுரமா, சுத்தியும் மரம் வரைஞ்சு, ஒரு பெஞ்சு கூடப் போட்டிருப்பாங்க. நேர்ல போய்ப் பாரு. ஒரு மூலையில புள்ளையாரு, ஒரு மூலையில ஆருதோ விறகு, மீதியில கார் ஷெட்டு. ஏன்னா லேஅவுட் போட்டவன் அந்த எடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் குடுத்தானா இல்லையான்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. சைட்டு வாங்கறப்ப குபேர மூலை பார்த்தாங்க, கன்னி மூலை பார்த்தாங்க, பத்திரத்தைப் பார்க்கலை. நீ உன்ற மனுவுல நம்ம ஊரு லேஅவுட்டுகளோட பேரைப் போட்டு, எதெதுக்குத் தானப் பத்திரம் ஆயிருக்குதுன்னு பட்டியலைத் திட்டத்தோட சேர்த்து வெளியிடுங்கன்னு கேளு. கேட்டுப்போட்டு ஒரு வாரம் ஊருல இருக்காதே. பெங்களூருல சோலி இருக்குதுன்னு போயிரு.

பள்ளத்தை விட்டுப்போட்டயே கண்ணு! தண்ணி போற பள்ளம். வரைபடத்துல நம்ம ஊருக்கு மேக்கால மஞ்சள் அடிச்சிருக்கறாங்களே, அதுக்கு நடுவுல தண்ணி போற தடம் இருக்குது. இப்ப முள்ளு மொளைச்சுக் கெடக்கறதுனால ஓடையா ஆருக்கும் தெரியறதில்லை. கிராம வரைபடத்தையும் புல அளவுப் புத்தகமான எஃப்எம்பியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாத் தெரியும். கோயமுத்தூர்ச் சங்கனூர்ப் பள்ளத்தைப் பாரு. கரையில ஊடுகளைக் கட்டி, பொறவு அவங்களையே வெளியேத்தி, எத்தனை கண்ணீரு. அதுல போனது கூலிக்காரன் ஊடுதான். காகிதத்துல மஞ்சள் அடிச்சு அனுமதியோட கட்டுனவன் ஊட்டுக்குள்ள தண்ணி வந்தா அதுக்கு இயற்கைப் பேரிடர்னு பேரு, நெவாரணமும் உண்டு. அதனால ஓடை போற சர்வே நம்பரைக் குறிச்சு, இது நீர்வழி, குடியிருப்புல இருந்து எடுங்கன்னு எழுது. மூணு பக்கச் சந்ததியை விட இந்த ஒரு வரி சந்ததிக்கு நல்லது பண்ணும்.

ஊட்டு அழகைப் பத்தியும் ஏதோ எழுதியிருக்கறயே, "பாரம்பரியக் கட்டடக் கலை"ன்னு. நம்ம பழைய தொட்டிக்கட்டு ஊட்டை இடிச்சுட்டு உன்ற அப்பன் கட்டுனானே, முன்னால கண்ணாடி, பின்னால இருட்டு, அதைப் பார்த்துட்டு வந்து எழுதினயா? ஆசாரத்துல மத்தியானம் பாயைப் போட்டுப் படுத்தா காத்து வரும். இப்பக் கரண்டு போனா அல்லாரும் ரோட்டுக்கு வர்றோம். ரோடும் எங்கே இருக்குது? காரு ஏறறதுக்குச் சாய்வு மேடை போட்டுச் சாக்கடையை மூடி, ரோட்டுல நாலடி வந்தாச்சு. எதிரூட்டுக்காரன் அவம்பக்கம் நாலடி. நடுவுல பால்காரன் வண்டி மட்டும் பொழைச்சுப் போகுது. மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆச்சு. குழாய் எறங்குது பார்த்தயா, அழகா, நீலக் கலர்ல. அது எந்தக் குழிக்குள்ள போகுதுன்னு உன்ற அப்பனைக் கேளு. மண்ணுக்குள்ள ஓரடி போயி நின்னுக்குது, போட்டோவுல தெரியாது.

இதுல 2024 ஜூலையில சுயசான்றுன்னு ஒண்ணு கொண்டாந்தாங்க. 2,500 சதுர அடி வரைக்கும் மனை, அதுல 3,500 சதுர அடிக்குள்ள தரைத்தளமும் மேல ஒரு மாடியும்னா, விதிப்படி கட்டறேன்னு நீயே சான்று குடுத்து ஆன்லைன்ல ஒடனே அனுமதி வாங்கிக்கலாம். நெசமாவே நல்ல காரியம். ஆபீஸ் ஆபீசா அலையறது மிச்சம், அலையறப்ப ஆகற செலவும் மிச்சம். ஆனா விதி மீறுனா மத்தவன்தான் மீறுவான்னு இத்தனை காலம் மனு எழுதிக்கிட்டிருந்தோம். இப்ப அல்லாரும் அவங்கவங்க ஊட்டுக்கு அவங்கவங்களே ஆபீசர். ஆருக்கு எதிரா மனு எழுதறதுன்னு உன்ற அப்பன் நெம்பக் கொழம்பிப் போயிருக்கறான்.

இப்ப நீ எந்த வகைன்னு சொல்றேன். கடைசிப் பக்கம், கீழேருந்து மூணாவது வரி. "உத்தேச அறுபதடிச் சாலையை எங்கள் தோட்டத்தைத் தவிர்த்து இருநூறடி வடக்கே நகர்த்த வேண்டும்." சர்வே நம்பரே இல்லாத மனுவுல இந்த அளவு மட்டும் அச்சரம் பெசகாம இருக்குது, அதைத்தான் நானும் பார்த்தேன். வடக்கால எரநூறடியில ஆரு பூமி கண்ணு? உன்ற மாமன் பூமி. கிணறும் அங்கதான், புது மோட்டாரு ரூமும் அங்கதான். மாமன் மகளைக் கட்டறதுக்கு உன்ற அம்மா தை மாசத்துல இருந்து சாடைமாடையாப் பேசிக்கிட்டு இருக்கறா. நீ கிணத்து மேல ரோட்டைப் போடச் சொல்லி மனு எழுதிக்கிட்டு வந்திருக்கற.

மாமனும் சும்மா இல்லை. அவனும் ஒண்ணு எழுதி வச்சிருக்கறான், நேத்துப் பொழுதோட கொண்டாந்து காட்டுனான். எரநூறடி தெக்கால தள்ளோணுமாம். ரெண்டு மனுவும் ஒரே மேசைக்குப் போனா அந்த மனுசனுக்கு வேலை சுளுவு. ஒண்ணுக்கொண்ணு கழிஞ்சு போச்சுன்னு சொல்லிக் கோட்டை இருந்த எடத்துலயே விட்டுருவான்.

ரெண்டு தோட்டத்துக்கும் நடுவுல இட்டேறி இருக்குதா இல்லையா? எங்கப்பாரு காலத்துல இருந்து வண்டி போன தடம். கிராம வரைபடத்துலயே இருக்குது, பாதி தூரத்துக்குப் பொறம்போக்கு. ரோடு அது வழியாப் போகட்டும், தேவைப்பட்ட அகலத்துக்கு ரெண்டு பக்கமும் சமமா விடறோம்னு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே மனுவா எழுதுங்க. ரெண்டு பேரோட சர்வே நம்பரும் போடுங்க, இட்டேறியோட நம்பரும் போடுங்க. படம் வரைஞ்சு வையுங்க. நேர்ல கேக்கச் சொல்லி அந்த வரியையும் போடுங்க. பூமி குடுக்க வேண்டியவனே ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு மாத்து வழியும் காட்டுனா, அந்த மனுசன் டீ குடிக்கப் போறதுக்கு முந்தி ஒருக்காவாச்சும் வரைபடத்தை விரிச்சுப் பார்த்தாகோணும்.

போ, அங்கராக்கை மாத்திக்கிட்டு மாமன் ஊட்டுக்குப் போ. மனு கையில வேண்டாம், இங்கயே வச்சுட்டுப் போ. முறுக்கும் ஒரு சீப்புப் பழமும் எடுத்துக்கோ. ரோட்டைப் பத்தி மொதல்ல பேசாதே, மோட்டாரு எத்தனை குதிரைன்னு கேளு.